டிராக்குக்கு டயர் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடுகிற டிராக் டே அன்று காலை பேடாக்கில், அதாவது கார்கள் நிற்கிற இடத்தில், ஒரு சுற்று வந்தால் போதும். யாருடைய டயர் மதியச் சாப்பாட்டுக்குள் நாசமாகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒருகாலத்தில் நான் செய்த அதே கூத்துகளைத்தான் இப்போது வருகிற தம்பிகளும் செய்கிறார்கள். வழுக்கை டயரோடு வராதே, பஞ்சர் ஒட்டிய டயரோடு வராதே என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை; விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மாதிரி முன்சக்கரம் இழுக்கும் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஸ்லிக் ஆசை

ரேஸ் டீம்கள் கழற்றிப் போட்ட ஸ்லிக் டயர், அதாவது வரிகளே இல்லாத வழவழ ரேஸ் டயர், சல்லிசாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். ஸ்லிக் பிடிக்க வேண்டுமானால் சூடேற வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் போகிற வேகத்துக்கு அது சூடே ஏறாது. போதாததற்கு, ஏற்கெனவே பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல், அது முன்கூட்டியே குரல் கொடுக்காது. நல்ல ரோடு டயர் பிடி விடுவதற்கு முன்பே கிறீச்சிடும், கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும், ஸ்டியரிங்கில் உங்களுக்குத் தெரியும். ஸ்லிக் கமுக்கமாகப் பிடித்துக்கொண்டே இருந்து ஒரே நொடியில் விட்டுவிடும். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் (தேய்மான எண்; குறைந்தால் சீக்கிரம் தேயும்) 300 என்று போட்ட டயரில் ஓட்டிப் பழகுங்கள், அப்புறம் 200க்கு வாருங்கள். அந்த எண்ணும் டயர் கம்பெனியே சோதித்துப் போட்டுக்கொள்வதுதான். ஒரு கம்பெனியின் 200ம் இன்னொன்றின் 200ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தேதி

2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. வெளிநாட்டில் செய்த டயர் வேண்டும் என்று அலைகிறவர்களிடம் பழைய ஸ்டாக் வந்து சேர இதுவும் ஒரு காரணம். கடைக்காரர் ‘ஃபிரெஷ் ஸ்டாக் சார்’ என்பார். டயரைத் திருப்பிப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23வது வாரம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால் அப்புறம் காருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய டயரை டிராக்குக்கென்று நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

அகலம்

6 இன்ச் அகல ரிம்மில் 225 மில்லிமீட்டர் அகல டயரை அமுக்கி ஏற்றாதீர்கள். 225/45 R17 டயருக்கு ரிம் அகலம் குறைந்தது 7 இன்ச் வேண்டும்.

காற்று

டயருக்கு அரை லட்சம் கொடுப்பார்கள், டயர் காற்றைப் பார்க்க ஒரு கேஜ் வாங்க மாட்டார்கள். எத்தனை வருடமானாலும் இந்த எரிச்சல் எனக்கு அடங்காது.

போலோவில் ஒரு தம்பி வந்தார். நான்கும் புது டயர். காலையில் ஹைவே பங்க்கில் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ வைத்துவிட்டு நேராக உள்ளே வந்துவிட்டார். முதல் செஷன், அதாவது டிராக்கில் ஓட்ட விடுகிற முதல் முறை, முடிந்து இறங்கியவர் முகம் வாடியிருந்தது. “அண்ணா, மூக்கு திரும்பவே மாட்டேங்குது. டூப்ளிகேட் டயரைத் தலையில கட்டிட்டானுங்களோ?”

கேஜை வைத்துப் பார்த்தேன். முன் இடது டயரில் 40, முன் வலதில் 37. டயரில் குறையே இல்லை. காலையில் 28 டிகிரியில் இருந்த காற்று 70ஐத் தாண்டியிருந்தது. அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். இந்தக் கணக்கில் 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தாரைத் தொட்டால் மூக்கு எப்படித் திரும்பும்? இடதில் கூடுதலாக ஏறியதற்கும் காரணம் உண்டு. இங்கே மெயின் ஸ்ட்ரெயிட் என்கிற நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் வருகிற முதல் வளைவான சி1 வேகமான வலது வளைவு. அங்கே காரின் பாரத்தில் பெரும்பகுதி முன் இடது டயரில்தான் சாய்கிறது.

ஆகவே காலையில் வைக்கிற எண் முக்கியமில்லை, சூடானபின் காட்டுகிற எண்தான் முக்கியம். இந்த மாதிரிக் கார்களில் சூட்டில் 34 பக்கம் நிற்கிற மாதிரி ஆரம்பியுங்கள். அதற்குக் காலையில் 28 வைத்தால் சரியாக இருக்கும். செஷன் முடிந்து வந்ததும், டயர் ஆறுவதற்குள், நான்கையும் தனித்தனியாகப் பார்த்துக் கூடுதலாக இருப்பதை இறக்குங்கள். கேஜ் உங்களுடையதாக இருக்கட்டும், எப்போதும் அதே கேஜ்தான். அது ஒரு பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை. தினமும் அதே தப்பைக் காட்டினால் போதும். இன்னொன்று, மதியம் வரை வெயிலில் நின்ற காரில் வெயில் பட்ட பக்கத்து டயர் ‘குளிர்ந்த’ டயர் இல்லை. அதை வைத்துக் காலைக் கணக்குப் போடாதீர்கள்.

நைட்ரஜன் அடித்தால் ஏறாதா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதுவும் சூட்டில் ஏறும். நைட்ரஜனில் ஈரம் இல்லை என்பதுதான் இதில் லாபம்.

எவ்வளவு இறக்குவது என்பதை டயரே காட்டும். பக்கச்சுவரும் ட்ரெட்டும் (தரையைத் தொடுகிற, வரிகள் உள்ள பகுதி) சேருகிற ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு செஷன் ஓட்டுங்கள். சாக்பீஸ் முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் காற்று போதவில்லை, டயர் மடிந்து உருள்கிறது. முனைக்கு வெகு முன்பே நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். கார் திரும்ப ஆரம்பித்ததும் அவருக்கு ஒரே குஷி. இன்னும் இறக்கினால் இன்னும் பிடிக்கும் என்று அவராகவே கணக்குப் போட்டு, சூட்டிலேயே 30 வரை கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். சூட்டில் 30 என்றால் இரவு ஆறியபின் 24. மறுநாள் வீட்டில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போயிருக்கிறார். நூறு வேகத்தில் ஒரு பள்ளம். இடது பக்கத்து இரண்டு டயர்களிலும் பக்கச்சுவரில் முட்டை மாதிரி புடைப்பு. உள்ளே நூலிழை அறுந்தால்தான் அப்படிப் புடைக்கும், அதை ஒட்டவும் முடியாது. பள்ளத்தில் அடிபட்டதற்கு வாரண்டி கிடையாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். டயருக்குக் கொடுத்ததில் பாதி ஒரே நாளில் போனது.

டிராக்கில் இறக்கிய காற்றை கேட்டைத் தாண்டுவதற்கு முன் திரும்ப ஏற்றுங்கள். டயர் இன்னும் சூடாக இருக்கும் என்பதால் கேஜில் ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் வைக்க வேண்டும். வீட்டில் ஆறியதும், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குச் சரிசெய்துகொள்ளலாம். பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் செருகுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்றை டிக்கியில் போட்டுவையுங்கள். ஒரு டயரின் விலையில் பாதிகூட ஆகாது.

கேம்பர்

காற்று சரியாக இருந்தும் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது என்றால், இனிக் காற்றோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ரோட்டுக்கென்று செய்த கார் வளைவில் சாயும்போது டயரும் வெளிப்பக்கம் சாய்கிறது. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். கேம்பர் போல்ட் போட்டு, முடிந்தால் நெகட்டிவ் இரண்டு டிகிரி பக்கம் கொண்டுவாருங்கள். கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும், அதையும் அதே நாளில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் கடையில் “ஆட்டோ செட் பண்ணிடறேன் சார்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

முழு ட்ரெட்

பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிற டயரை ஏப்ரல் மதியத்தில் முறுக்காதீர்கள். ஆழமான ட்ரெட் கட்டைகள் வளைவில் நெளியும், நெளிந்து சூடாகும், அப்புறம் துண்டு துண்டாகப் பிய்யும். ரோட்டில் ஓடிப் பாதி தேய்ந்த அதே டயர் டிராக்கில் இதைவிட நன்றாக நடந்துகொள்ளும். பிய்ந்ததைப் பார்த்து மட்டமான டயர் என்று திட்டுகிறவர்கள் நிறைய.

வீல் நட்

முதல் செஷனுக்குப் பிறகு, சூடு ஆறியதும், டார்க் ரெஞ்ச் (நட்டை அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து நட்டுகள் தளரவில்லையா என்று ஒருமுறை பாருங்கள்.