துணிக் கோட்டா பேரம்: எங்கே பிழைக்கிறது?

உயர்தர வகுப்பில் ஒரு விளையாட்டு வைப்பேன். மேசைக்கு ஒரு பக்கம் நாலு பேர் ஹொங்கொங், மறுபக்கம் நாலு பேர் இங்கிலாந்தின் பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயர். பிரித்தானியாவுக்கு வருஷத்துக்கு எவ்வளவு பருத்தித் துணி ஹொங்கொங் அனுப்பலாம் என்ற உச்ச அளவை, அதாவது கோட்டாவை, அரை மணித்தியாலத்தில் பேசி முடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பேரம் பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும்? திருநெல்வேலிச் சந்தையில் பழகிய வாய். ஆனாலும் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குவார்கள்.

முதலாவது, எண்ணுக்கு அடிபடுவது. "நூறு மில்லியன் சதுர யார்", "இல்லை, நூற்றிருபது" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். எந்த வருஷத்துக் கணக்கை அடிப்படையாக எடுப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. இது எவ்வளவு பெரிய பிழை என்று காட்ட ஹொங்கொங் வரை போகத் தேவையில்லை, இலங்கைக் கதையே இருக்கிறது. இங்கே கோட்டா ஏற்றுமதிக்கு அல்ல, இறக்குமதிக்கு, சூத்திரம் ஒன்றுதான். 1931 டிசம்பரில் யப்பான் தன் நாணயமான யென்னின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க நியமத்தைக் கைவிட்டது. யென் விழுந்தது, யப்பான் துணி மலிந்தது. 1934 மே மாதம் குடியேற்ற நாடுகளில் அந்தத் துணிக்குக் கோட்டா போட லண்டன் முடிவெடுத்தபோது, அடிப்படையாக எடுத்தது 1927 முதல் 1931 வரையான சராசரியை. மலிவுத் துணி வந்து குவிந்த வருஷங்கள் கணக்கிலேயே இல்லை. மழையில் வெங்காயம் அழுகின வருஷத்தைக் காட்டி, "நீ வழக்கமாக விற்கிறது இவ்வளவுதானே" என்று ஒருவன் கேட்டால் நம் தோட்டக்காரர் சும்மா விடுவாரா?

அடுத்தது, எதிரே இருப்பவரை நடுவர் என்று நம்புவது. 1934 இல் இலங்கையின் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை அந்தக் கோட்டாவுக்கு மறுத்தது. லண்டன் அரச கட்டளை ஒன்றைப் பிறப்பித்துக் காரியத்தை முடித்துவிட்டது. (1931 தேர்தலைப் பகிஷ்கரித்ததால் வடக்கின் நாலு ஆசனங்கள் 1934 இடைத்தேர்தல் வரை காலியாகக் கிடந்தன என்பதையும் வகுப்பில் சொல்வேன். நம்மவர்கள் சபையில் இருந்திருந்தாலும் கட்டளை வந்திருக்கும் என்பது என் எண்ணம்.) அன்று பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த ஹொங்கொங்குக்கும் அதே நிலைமைதான். ஆளும் அரசும் பிரித்தானியா, துணி வாங்கும் சந்தையும் பிரித்தானியா, மூடப்படும் ஆலைகளின் வாக்காளர்களும் பிரித்தானியர். 1959 அக்டோபரில் பிரித்தானியாவில் பொதுத்தேர்தல் வேறு. அந்த வருஷம் பெப்ரவரியில் தொடங்கிய ஹொங்கொங்-லங்காஷயர் மூன்று வருஷத் துணி உடன்பாட்டுக்கு வைத்த பெயர் "சுயவிருப்பக் கட்டுப்பாடு". அரசுகள் ஒதுங்கி நிற்க, இரு பக்கத்துத் தொழிற்றுறையினரும் பேசி முடித்த மாதிரித்தான் அது வெளியே தெரிந்தது.

அதற்காகக் கையில் துருப்புச் சீட்டே இல்லை என்று சுருண்டுவிடுவதும் பிழைதான். "இந்தியாவும் பாகிஸ்தானும் கட்டுப்பட்டால்தான் நாங்களும்" என்று ஹொங்கொங் பிடித்து நின்றது. நியாயமான பிடி. நீ நிறுத்திய இடத்தை இன்னொருவன் நிரப்பினால் லங்காஷயருக்கும் லாபமில்லை, உனக்கும் இல்லை. என் பிள்ளைகளோ ஐந்தாவது நிமிஷத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

வருஷா வருஷம் எவ்வளவு கூட்டித் தர வேண்டும் என்பதையும் எழுதாமல் விடுவார்கள். பின்னால் வந்த உலகத் துணி வர்த்தக உடன்பாடுகளில் அது எழுத்தில் இருந்தது: 1962 இன் நீண்டகால ஏற்பாட்டில் பொதுவாக 5 வீதம், 1974 இன் பல்லிழை ஒப்பந்தத்தில் 6 வீதம்.

அப்புறம் அளவு. கோட்டா கட்டுவது சதுர யாரைத்தான், பணத்தை அல்ல. எனவே மலிவுத் துணியை விட்டு விலை கூடிய சரக்குக்கு மாறினால், அதே கோட்டாவுக்குள் கூடச் சம்பாதிக்கலாம். ஹொங்கொங் ஆலைக்காரர் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். வாங்கும் பக்கம் தூங்கினால் போச்சு. போன தவணை, அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், நாங்கள் துணியை வெட்டிச் சேட்டாகத் தைத்து அனுப்பினால், ஒரு சேட்டுக்கு எத்தனை யார் கழிப்பீர்கள்?"

லங்காஷயர்காரர் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடன்பாட்டுத் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.