தீக்குச்சிக்கு முன் தண்ணீர்

வன்னியில் கரிக்கோச்சி, அதாவது நீராவி ரயில், ஒன்றுகூட மிஞ்சவில்லை. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையுமே பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பழைய எஞ்சின்களைப் பார்க்கக் கண்டிப் பக்கம் கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். தெற்கில் அப்படியான எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த என் பெறாமகன், வவுனியாவுக்கு வரும்போதெல்லாம் துளைத்தெடுக்கிறான்: “பெரியப்பா, குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை எப்படி எழுப்புவது?”

நான் 1960களில் வடபகுதிப் பாதையில் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மனாக நின்றவன். 1956இல் வந்த யாழ்தேவி ரயில் டீசலில் பறந்தது. எங்களுக்கு வாய்த்தது சரக்குக் கோச்சி. நான் சொல்வது கரி எரிக்கும் எஞ்சினுக்கு. எண்ணெய் எரிப்பது வேறு கைப்பழக்கம்.

தீப்பெட்டியைத் தொடாதீர்கள். முதலில் கொதிகலனின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். பார்த்ததோடு நம்பிவிடவும் கூடாது: அந்தக் கண்ணாடியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டு மூடுங்கள். மட்டம் சட்டென்று ஏறிவர வேண்டும். சோம்பி ஏறினால் வழியில் உப்புப் படிந்திருக்கிறது, கண்ணாடி பொய் சொல்கிறது. கரி எரியும் நெருப்பறையின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அதிலுள்ள ஈயம் அடைத்த திருகாணி, தண்ணீர் இறங்கினால் உருகி நெருப்பின்மேல் நீராவியைச் சீறவிடும். அதுவரை போகவிட்ட பயர்மன் கொட்டகையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கைப்பிரேக்கை இறுக்குங்கள், நீராவித் திறப்பை மூடுங்கள், சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்து வையுங்கள். புகைபோக்கி மூடியைக் கழற்ற மறந்து கண்ணெரிந்து ஓடியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு எண்ணெய்த் துணி, காய்ந்த விறகு, அதன்மேல் கொஞ்சம் கரி. இனிப் பொறுமைதான் வேலை. செம்பு நெருப்பறையும் அதைச் சுற்றியுள்ள உருக்குக் கூடும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒருமுறை அவசரப்பட்டு மூன்று மணித்தியாலத்தில் அழுத்தம் ஏற்றினேன். கொதிகலனுக்குள் போகும் புகைக்குழாய்களின் நுனிகள் எல்லாம் ஒழுகிக் கண்ணீர் விட்டன, கோச்சி புறப்படவில்லை. பழைய எஞ்சினுக்கு ஒரு முழு இரவு கொடுங்கள். ஓடும்போது சவளில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள். கதவோரம் தடிப்பாக, முன்பக்கம் மெல்லிதாகக் கரி கிடக்கட்டும். கரும்புகை கக்கினால் வேகம் என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். அது வீணாகும் கரி.

எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் ஓட்டமல்ல, நிறுத்திவைப்பதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கொதிகலனுக்குள்ளும். அது தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, தகடு கருகும். முழுவதும் ஆறியபின் கழுவுதுளைகளைத் திறந்து, கம்பியால் குத்தி, குழாய்த் தண்ணீரால் சேற்றை வெளியேற்றுங்கள். நெருப்பறைச் சுவரைத் தாங்கும் ஆணிகளைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குகிற அம்மாமாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கணீரென்றால் நல்லது, மந்தமென்றால் உள்ளே முறிந்திருக்கலாம்.

மாரிக்கு முன், புகைபோக்கிக்குக் கீழேயுள்ள புகைப்பெட்டியின் சாம்பலைக் கடைசிப் பிடி வரை வழித்தெடுங்கள். கரியிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகித் தகட்டைத் தின்னும். கொதிகலனைக் காயவிட்டு, உள்ளே தட்டுகளில் சுட்ட சுண்ணாம்பு வையுங்கள். ஈரத்தை அது உறிஞ்சும். பூத்துப் பொடிந்தால் மாற்றுங்கள். புகைபோக்கிக்கு மறக்காமல் மூடி போடுங்கள். மாதம் ஒருமுறை நாலு பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பி, சக்கரத்தைக் கால்சுற்றாவது உருட்டிவிடுங்கள்.