போனை எடுக்காத கார் இன்சூரன்ஸ் கம்பெனியை விட்டு மாறிய கதை

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வேளச்சேரியில் என் கார் பானட் வரை மூழ்கியது. நல்லவேளை, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் சேர்க்காத சாதாரண பாலிசியில் பெரும்பாலும் காசு வராது.

ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. பாட்டு மட்டும் ஓடியது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' புகார் தளத்தில் பதிந்த பிறகுதான், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த ரெனியூவலுக்கு விளம்பரத்தை நம்பவில்லை. சர்வீஸ் சென்டரில் பில் போடுபவரிடம், "எந்தக் கம்பெனி உங்களோடு மல்லுக்கட்டாமல் பணம் தருகிறது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு பெயர் சொன்னார். அப்புறம் ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன். ஒன்றில் மூன்றே நிமிடத்தில் ஆள் பேசினார், அதுவும் தமிழில். பிரீமியம் கொஞ்சம் கூடுதல்தான், சரி என்று அங்கேயே போட்டுவிட்டேன்.

கம்பெனி மாறினால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது, அது வண்டிக்காரருடையது. எனக்கு க்ளெய்ம் எடுத்ததால் ஏற்கெனவே பூஜ்யம், அது வேறு விஷயம்.