பிறந்தநாளை ஒரு நாள் முன்னதாகக் காட்டாத நாட்காட்டிச் செயலியை எழுதுவது எப்படி?

நாட்காட்டிச் செயலியில் பிறந்தநாளைச் சேமிக்கும்போது ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்றை மட்டுமே சேமிக்க வேண்டும். மணியையும் நேர மண்டலத்தையும் அதனுடன் ஒட்டக்கூடாது. கோபிசெட்டிபாளையத்தில் மே 12 அன்று பிறந்த ஓர் அப்பிச்சியின் பிறந்தநாளை நள்ளிரவு 12 மணி எனக் கொண்டு யூடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால், நமது நேரம் ஐந்தரை மணி முந்தியது என்பதால், அது மே 11 மாலை 6.30 ஆகிவிடும். நியூ ஜெர்சியில் இருக்கும் பேரனின் கைபேசி அதையே மே 11 பிற்பகல் 2.30 என்று படித்து, ஒரு நாள் முன்னதாகவே வாழ்த்தச் சொல்லும்.

ஆகவே தரவுத்தளத்தில் தேதியை மட்டும் சேமிக்கும் டேட் வகையையும், ஜாவா நிரல்மொழியில் அதே வேலையைச் செய்யும் லோக்கல்டேட்டையும் பயன்படுத்துங்கள். நாட்காட்டிச் செயலிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் கோப்பில் தொடக்க நாளுக்கு ‘வேல்யூ=டேட்’ என்று குறித்து, ஆண்டுதோறும் திரும்பும் விதியைச் சேர்த்தால் போதும். வயதைச் சொல்ல விரும்பாதவர்களுக்காக ஆண்டைக் காலியாக விட இடம் கொடுங்கள். 1900 என்று போலியாக நிரப்பினால் கல்லூரிப் பெண்ணுக்கும் நூறு வயது தாண்டிவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ‘1990-05-12’ என்று, மணியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் அதன் டேட் பொருளிடம் கொடுத்தால், அது யூடிசி நள்ளிரவு என்றே எடுத்துக்கொள்ளும். சரவணம்பட்டியில் இருக்கும் கணினியில் அது மே 12 காலை 5.30 எனத் தெரிவதால், சோதிப்பவர் ‘எல்லாஞ் செரி’ என்று அனுப்பிவிடுவார். நியூயார்க் நேரத்தில் அதே நிரல் மே 11 இரவு 8 மணி என்று காட்டும். கணினியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

நினைவூட்டலின் கதை வேறு. அது குறித்த மணிக்கு ஒலிக்க வேண்டியது என்பதால், அதற்கு நேர மண்டலம் கட்டாயம் வேண்டும். பேரனுக்கு மே 12 காலை 9 மணிக்கு ஒலித்தால் கோபியில் மாலை 6.30, சாப்பிட்டுவிட்டு இரவு 9 மணிக்குப் பேசலாம் என்று அவர் தள்ளிப்போட்டால், அங்கே 13ஆம் தேதி விடிந்திருக்கும். எனவே ‘பிறந்தநாள்காரரின் ஊர் நேரப்படி நினைவூட்டு’ என்றொரு தெரிவைக் கட்டாயம் வையுங்கள். அப்போது பேரனின் கைபேசி மே 11 இரவு 8.30க்கே ஒலித்து, ‘கோபியில் இப்போது 12ஆம் தேதி காலை 6 மணி’ என்று காட்டும். அப்பிச்சி தோட்டத்துக்குக் கிளம்பும் முன் பேசிவிடலாம். நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதால், இரு ஊர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை எண்ணாகச் சேமிக்காமல், ‘ஏசியா/கொல்கத்தா’ என்பது போன்ற மண்டலப் பெயரைச் சேமித்து, ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

பிப்ரவரி 29இல் பிறந்தவர்களை ஐகேலண்டரின் வழக்கமான விதி சாதாரண ஆண்டுகளில் தாண்டிப் போய்விடும். 28ஆம் தேதியா, மார்ச் 1ஆம் தேதியா என்று அவர்களிடமே கேளுங்கள்.

நம் வீடுகளில் நட்சத்திரப் பிறந்தநாள் பார்ப்பவர்களும் உண்டு. சித்திரை மாதத்து அஸ்தம் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்காண்டு மாறுவதால், அதற்கு ஆண்டுத் திருப்ப விதி உதவாது. நட்சத்திரம் மாறும் நேரம் உலகம் முழுவதற்கும் ஒரே கணம் என்றாலும், அது எந்தத் தேதியில் விழும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே இதற்கு மட்டும், கோபிப் பஞ்சாங்கப்படியா, நியூ ஜெர்சிப் பஞ்சாங்கப்படியா என்பதைக் கேட்டு, ஊரையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.