பழைய மரவீட்டில் பழுது வேலை: தீ வராமல் பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பழுது வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். வீட்டுக்காரர்கள் கறையானைப் பற்றிக் கேட்பார்கள், ஒழுக்கைப் பற்றிக் கேட்பார்கள். தீயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நூறு வருஷமாக நிற்கிற வீடு இப்போதா எரியப்போகிறது என்ற எண்ணம். அந்த நூறு வருஷத்தில் அதன் தேக்கு உத்தரத்துக்குப் பக்கத்தில் யாரும் கிரைண்டர் பிடித்ததில்லை.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019-லும், கோபன்ஹேகனின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் 2024-லும், இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை 1989-லும் எரிந்தன. மூன்றிலும் அப்போது பழுது வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பார்க்கில் கூரை ஈயத்தகட்டைச் சரிசெய்யப் பிடித்த நெருப்பே காரணம்.

வேலை தொடங்குமுன் டார்ச் எடுத்துக்கொண்டு நீங்களே மச்சுக்கு மேலே ஏறிப் பாருங்கள். புறாக் கூடு, காய்ந்த சருகு, தேங்காய் நார், துணி சுற்றிய பழைய வயர், பல வருஷத் தூசி எல்லாம் அங்கே கிடக்கும். கிரைண்டரின் ஒரு பொறி பலகை இடுக்கில் விழுந்தால் அந்தத் தூசியில் மணிக்கணக்காகச் சுடர்விடாமல் கனன்றுகொண்டிருக்கும். கீழே வளவில் (உள்முற்றத்தில்) நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்கள் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் பற்றும். ஆகவே முதல் வேலை, அந்த இடத்தைக் கூட்டிக் குப்பையை வெளியே கொட்டுவது.

வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டர் இவற்றை வீட்டுக்குள் விடாமல் இருப்பதே நல்லது. கம்பிக் கதவைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, அங்கே ஒட்டிக் கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டலாம். பழைய பெயின்ட்டை ப்ளோ லாம்ப் வைத்து எரித்து உரிக்க நான் விடுவதேயில்லை. ரிமூவர் தடவிச் சுரண்டினால் இரண்டு நாள் கூடுதலாகும், ஆகட்டும். உள்ளே செய்துதான் தீரவேண்டும் என்றால், சுற்றிலும் 35 அடி தூரத்துக்கு எரியக்கூடியதை எல்லாம் அகற்றுங்கள். அகற்ற முடியாத மரத்தைத் தகரத்தாலோ தீத்தடுப்புப் போர்வையாலோ மூடுங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்குச் செய்கிறார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் தளத்தில் மதியம் 2 மணிக்குமேல் நெருப்பு வேலை கிடையாது. முடிந்த பிறகு ஒருவர் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். மாலையில் மறுபடி மேலே ஏறி, பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இரும்பு உத்தரத்தில் இந்தப் பக்கம் வெல்டிங் வைத்தால், சூடு அந்தப் பக்கத்து மரத்துக்குப் போய்விடும்.

அடுத்தது பாலிஷ் துணி. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், யாரும் பற்றவைக்காமலே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் வெளிவருகிறது, குவியலுக்குள் அது வெளியேற வழியில்லை. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடச் சொல்லுங்கள். தின்னர் ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் உள்ளே வரட்டும்.

லண்டனின் கட்டி சார்க் கப்பல் 2007-இல் பழுது வேலையின்போது எரிந்ததற்கு, வார இறுதியில் அணைக்காமல் விட்ட தூசி உறிஞ்சி ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். அதனால் மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டவேண்டும். கிணற்று மோட்டாருக்கு மட்டும் தனி லைன் இருக்கட்டும், இல்லாவிட்டால் ராத்திரி தண்ணீருக்குத் திண்டாட வேண்டும். வெளியூர் ஆட்கள் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் தங்கிச் சமைப்பது வழக்கம். அவர்களைக் கடிந்து பயனில்லை, வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுங்கள்.

வெனிஸின் லா பெனிச்சே அரங்கம் 1996-இல் எரிந்தபோது பக்கத்துக் கால்வாய்களைத் தூர்வாருவதற்காக வற்றவைத்திருந்தார்கள், தீயணைப்பு வீரர்களுக்குத் தண்ணீர் கிடைப்பதே பாடாகிவிட்டது. நம் ஊரிலும் பழுது வேலை என்றால் முதலில் தொட்டியைக் காலி செய்கிறார்கள், குழாயைக் கழற்றுகிறார்கள். மாற்றுத் தண்ணீர் வரும்வரை நெருப்பு வேலை தொடங்கவேண்டாம். மரம், எண்ணெய், கேஸ் மூன்றின் தீக்கும் பயன்படும் ஏபிசி பவுடர் தீயணைப்பான் மாடிக்கு ஒன்று, வெல்டர் பக்கத்தில் ஒன்று, மணல் வாளிகள் சில. பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து அடிப்பது எப்படி என்று ஆட்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

சரி, பிடித்தேவிட்டது என்றால்? முதலில் 101 அல்லது 112. நோத்ர தாமில் எச்சரிக்கை மணி அடித்தும் காவலர் தவறான பரணுக்குப் போனார், தீயணைப்புத் துறைக்குச் சொல்ல ஏறக்குறைய அரை மணி தாமதமானது. செட்டிநாட்டு வீடு பல இடங்களில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்வாசல் சாவி எங்கே இருக்கிறது, வண்டி எந்தத் தெருவில் நுழையும் என்று நிலையத்துக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லி வையுங்கள். முகப்பை அடைத்துச் செங்கல்லும் மணலும் கொட்டாதீர்கள். சாமான் எடுக்க யாரையும் உள்ளே விடாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை மரக் கட்டையின்மேல் நிற்பது. கட்டை எரிந்தால் செங்கல்லும் சுண்ணாம்பும் மொத்தமாக இறங்கும். சென்னை சேப்பாக்கத்தின் பழைய அரண்மனையான கலஸ் மஹாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தபோது கூரை சரிந்து தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார்.

கடைசி வாரத்தில்தான் நான் அதிகம் பயப்படுவேன். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிடும். பாலிஷ்காரர், எலக்ட்ரீஷியன், வெல்டர் மூவரும் ஒரே கூடத்தில் அவசரமாக வேலை செய்வார்கள். அப்பார்க்கில் தீ பிடித்ததும் வேலை முடியும் தறுவாயில்தான். பாலிஷும் வெல்டிங்கும் ஒரே நாளில் வராதபடி தேதி பிரித்துக் கொடுங்கள். கடைசி ஆள் தளத்தைவிட்டுப் போகும்வரை தீயணைப்பானையும் மணல் வாளியையும் எடுக்கவிடாதீர்கள்.