மெக்கானம் ரோபோ சுழன்றுகொண்டே நேராகப் போக

மெக்கானம் சக்கர (சாய்ந்த உருளைகள் பொருத்தியதால் எந்தப் பக்கமும் நகரவிடும் சக்கரம்) ரோபோவை ஒரே திசையில் ஓட்டியபடி சுழலவிட்டால், அது நேராகப் போகாமல் வட்டமடிக்கும். ஜாய்ஸ்டிக்கின் ‘முன்னால்’ என்பதை ரோபோ தன் மூக்கு பார்க்கும் திசையாகவே எடுத்துக்கொள்கிறது. கைரோ (ரோபோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் உணரி) காட்டும் கோணத்தின் அளவுக்கு ஜாய்ஸ்டிக் திசையை எதிர்ப்பக்கம் திருப்பி, அதன் பிறகே சக்கரங்களுக்கான வேகத்தைக் கணக்கிடுங்கள்.

இதைச் செய்தும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா? முதலில் மோட்டார் வேகத்தை எப்படி மட்டுப்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். கோளாறு அங்கே இருக்கலாம். 1 என்பது மோட்டாரின் முழு வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோபோவின் மூக்குத் திசையில் முன்னால் 1, வலப்புறம் திரும்ப 0.4 என்று கொடுத்தால் இடச் சக்கரங்களுக்கு 1.4, வலச் சக்கரங்களுக்கு 0.6 வரும். 1.4-ஐ மட்டும் 1 ஆக வெட்டினால், மிஞ்சுவது முன்னால் 0.8, திருப்பம் 0.2. கேட்ட திருப்பத்தில் பாதி காணாமல் போய்விட்டது! நான்கு சக்கரங்களின் வேகத்தையும் 1.4-ஆல் வகுத்துவிடுங்கள், வேகம் குறையும், விகிதம் மாறாது.

அப்புறம் தாமதம். நொடிக்கு 180 பாகை சுழலும் ரோபோவில், கைரோவைப் படித்து மோட்டார் செயல்பட 50 மில்லிநொடி ஆனால், அதற்குள் அது 9 பாகை திரும்பியிருக்கும். அதனால் சுழல்வேகத்தைத் தாமதத்தால் பெருக்கி, கைரோ கோணத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். தாமதம் எவ்வளவு என்று மூளையைக் கசக்க வேண்டாம். தரையில் ஒரு நீளமான டேப் ஒட்டி, அதன்மேல் சுழலவிட்டு ஓட்டி, விலகல் மறையும்வரை தாமதத்தின் மதிப்பை மாற்றிப் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும்.