மைனஸ் 30 குளிருக்கு எந்த எஞ்சின் ஆயில்?

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், குளிருக்குக் கவனிக்க வேண்டியது டபிள்யூவுக்கு (விண்டர், அதாவது குளிர்காலம்) முன்னால் உள்ள முதல் எண். பின்னால் வரும் 30, எஞ்சின் சூடானபின் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்வது. எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) தரப்படி, ஆயில் பம்பில் ஏறுமா என்பதை 0டபிள்யூவுக்கு மைனஸ் 40 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூவுக்கு மைனஸ் 35, 15டபிள்யூவுக்கு மைனஸ் 25.

கனடாவின் டொராண்டோவில் பெரும்பாலும் 5டபிள்யூ போதும். அதைவிடக் குளிரான வின்னிபெக்கில் இரவு முழுக்க வண்டி வெளியே நிற்கிறதா? 0டபிள்யூ சிந்தெடிக்தான் போட வேண்டும். ஆயில் இறுகிவிட்டால் ஸ்டார்ட்டர் திணறும். அதைவிட மோசம், எஞ்சின் ஓடத் தொடங்கியும் ஆயில் மேலே கேம்ஷாஃப்டுக்கு (வால்வுகளை இயக்கும் தண்டு) போய்ச் சேராமல் உலோகம் உலோகத்தோடு உரசுவது. தேய்மானம் அங்கேதான் நடக்கிறது. ஆயில் விளக்கு அணையத் தாமதமானால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்; ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது.

இரண்டாவது எண்ணை வண்டிக் கையேட்டில் உள்ளபடியே வையுங்கள். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள டீசல் வண்டிக்குக் கையேடு கேட்கும் குறைந்த சாம்பல் ஆயிலையே வாங்குங்கள்.

தினமும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் என்றால் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும். மூடியின் அடியில் வெண்மையான பசை தெரியும், டிப்ஸ்டிக் அளவு ஏறும். அப்போது வழக்கமாக மாற்ற வேண்டிய கெடு வரும் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள்.